அரை மணி நேரக் கடன்: அம்பேத்கரின் எழுத்தும் வகுப்பறையும் வீடும்

எழுத்து, ஆசிரியப் பணி, குடும்பப் பொறுப்பு ஆகிய மூன்றையும் ஒருவர் எவ்வாறு சமன் செய்தார் என்பது அறிஞர்களின் வாழ்வைப் பற்றி வழக்கமாக எழுப்பப்படும் கேள்வி. சமன் செய்வதற்குத் தேவையான வருவாயும், தனியறையும், ஓய்வு நேரமும் அவரிடம் முன்பே இருந்தன என்னும் அனுமானம் அக்கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கல்வியும் சொத்தும் மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்து வந்தவரின் வாழ்வில் இந்த அனுமானம் பொருந்தாது. அவருக்குக் கிடைத்த ஒவ்வொரு மணி நேரமும் வேறொருவரின் உழைப்பிலிருந்தும் உறக்கத்திலிருந்தும் எடுத்துத் தரப்பட்டதாகவே இருக்கும். அண்ணல் அம்பேத்கரின் இல்வாழ்வை இந்தக் கோணத்திலிருந்து அணுகும்போது, நாம் நன்கறிந்த வரலாறு வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

அந்தக் கணக்கு அவருடைய தந்தையிடமிருந்து தொடங்குகிறது. சுபேதார் ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த பீமராவ் அவருடைய பதினான்காவது குழந்தை. தாய் பீமாபாய் மகனின் சிறுவயதிலேயே மறைந்தார். பின்னர் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒண்டுக்குடித்தனக் கட்டடம் ஒன்றில் ஒற்றை அறையில் வசித்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அந்த ஓர் அறைக்குள்தான். எல்லோரும் விழித்திருக்கும் வேளையில் அங்கே படிக்க இயலாது. ஆகவே ராம்ஜி ஓர் ஏற்பாடு செய்தார். மகனை முன்னிரவிலேயே உறங்க வைத்துவிட்டு, இரவு 2 மணி வரை தாம் விழித்திருப்பார். பின்னர் மகனை எழுப்பிப் படிக்க உட்கார்த்திவிட்டுத் தாம் படுப்பார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் காசில்லையெனில், மணமாகிச் சென்ற மகள்களின் வீட்டுக்குப் போய்க் கடன் கேட்பார். அங்கும் பணம் இல்லாதபோது மகளின் நகையொன்றைப் பெற்று அடகு வைப்பார்.

பின்னாளில் உலகமே வியந்த அந்த வாசிப்பின் முதல் மணி நேரங்கள் ஒரு தந்தையின் உறக்கத்திலிருந்தும் சகோதரிகளின் நகைகளிலிருந்தும் கிடைத்தவை. 1923-இல் வெளியான ரூபாயின் சிக்கல் என்னும் பொருளாதார நூலைத் தாய் தந்தையரின் நினைவுக்கு அம்பேத்கர் காணிக்கையாக்கினார். தம் கல்விக்காக அவர்கள் ஏற்ற தியாகங்களையும் அதில் அவர்கள் காட்டிய தெளிவையும் அவர் அங்கே நன்றியோடு பதிவு செய்திருக்கிறார். நாணயக் கொள்கையைப் பற்றிய நூலின் முதல் பக்கத்தில் ஒரு குடும்பக் கடன் எழுதப்பட்டிருக்கிறது.

ராமாபாய் அவருடைய வாழ்வில் நுழைந்தது பள்ளிப் பருவம் முடியும் காலத்தில். தாபோலி அருகே வாழ்ந்த ஓர் ஏழைச் சுமைதூக்கும் தொழிலாளியின் மகள் அவர். அன்றைய வழக்கப்படி இருவருக்கும் இளம்வயதிலேயே மணம் முடிந்தது. பைகுல்லா சந்தையில் வியாபாரிகள் கடைகளைக் கட்டிவிட்டுச் சென்ற பிறகு, இரவோடிரவாக அத்திருமணம் நடந்தது. விடிந்ததும் மீன் விற்கும் பெண்கள் வந்து தங்கள் இடத்தில் அமர்வதற்குள் மணவீட்டார் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. சொந்தமாக ஓர் இடமும், தமக்கென்று ஒதுக்கப்பட்ட நேரமும் இல்லாத வாழ்க்கையின் தொடக்கமாகவே அத்திருமணம் அமைந்தது.

1912-இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மூத்த மகன் யஷ்வந்த் பிறந்தார். 1913 பிப்ரவரியில் ராம்ஜி காலமானார். அதே ஆண்டு ஜூலையில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு, ஏழு மாதக் குழந்தையை மனைவியிடம் விட்டுவிட்டு அம்பேத்கர் நியூயார்க் சென்று சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகம், பின்னர் லண்டன் பொருளாதாரப் பள்ளி என நான்காண்டுகள் கழித்து 1917-இல் நாடு திரும்பினார். மீண்டும் 1920 ஜூலையில் லண்டன் புறப்பட்டு 1923 ஏப்ரலில் திரும்பினார். யஷ்வந்தின் வாழ்வின் முதல் பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஏழாண்டுகள் தந்தை கடல் கடந்த நாட்டில் இருந்தார். சாதிகளின் தோற்றத்தைப் பற்றி 1916-இல் கொலம்பியாவில் அவர் வாசித்த ஆய்வுக் கட்டுரையை நாம் கொண்டாடுகிறோம். அதே மாதங்களில் பம்பாயில் ஓர் இளந்தாய் ஒற்றை ஆளாய்க் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தார் என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் நாம் நினைப்பதில்லை.

இரண்டு பயணங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அவர் முதன்முதலாகக் கல்லூரி ஆசிரியரானார். 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். மாதச் சம்பளம் 450 ரூபாய். தீண்டப்படாதவர் என்பதால் அவர் பாடம் நடத்தும் திறனை ஐயத்தோடு பார்த்தவர்கள் இருந்தனர். ஆனால் சில மாதங்களிலேயே பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து அவருடைய வகுப்பில் அமர்ந்தனர். அதே கல்லூரியின் ஆசிரியர் அறையில், பொதுப் பானையிலிருந்து அவர் நீர் எடுப்பதற்குச் சக பேராசிரியர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வகுப்பறையில் அறிவைப் பெற்றுக்கொண்ட சமூகம், நீர்ப்பானைக்கு அருகில் அவருடைய சாதியை மட்டுமே பார்த்தது.

அந்த 450 ரூபாயும் முழுமையாக வீட்டுக்குச் செல்லவில்லை. பாதியில் நின்ற லண்டன் படிப்பை முடிப்பதற்காக அதில் பெரும்பகுதியைச் சேமித்தார். குடும்பச் செலவுக்கு ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டும் ராமாபாயிடம் கொடுத்துவந்தார். பேராசிரியரின் குடும்பம் தொடர்ந்து தொழிலாளர் குடியிருப்பிலேயே வாழ்ந்தது. 1920 ஜனவரி 31 அன்று மூக்நாயக் இதழைத் தொடங்கியதும் இந்தச் சிக்கன வாழ்வின் நடுவில்தான். ஆசிரியர் பணியில் ஈட்டிய பணம் படிப்புக்கும், படிப்பில் ஈட்டிய அறிவு இதழுக்கும் சென்றன. வீட்டுக்கு எஞ்சியது கணக்குப் பார்த்துச் செலவிடப்படும் ஒரு சிறு தொகை. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் அளித்த உதவியும், பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் சேர்ந்தே இரண்டாவது லண்டன் பயணம் சாத்தியமானது.

1923-இல் வெளிநாட்டுப் பட்டங்களோடும் வழக்கறிஞர் தகுதியோடும் திரும்பிய பிறகும் வறுமை விலகவில்லை. தீண்டப்படாத வழக்கறிஞரைத் தேடி வசதி படைத்த கட்சிக்காரர்கள் வரவில்லை. எனவே 1925 முதல் 1928 வரை பட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் கற்பித்தார். பரேலில் நகர மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பில் இருந்த இரண்டு சிறு அறைகளே அவர்களுடைய வீடு. ஓர் அறையில் புத்தகங்கள் குவிந்தன. மற்றோர் அறையில் குடும்பம் வாழ்ந்தது. அக்குடும்பத்தில் மறைந்த அண்ணனின் மனைவி லட்சுமிபாயும் அவருடைய மகன் முகுந்தும் அடக்கம். இரு பெண்களும் சேர்ந்து நடத்திய அந்த இல்லறம் இல்லையெனில், பக்கத்து அறையின் எழுத்து மேசைக்கு வேலையே இருந்திருக்காது.

அந்த இல்லத்தின் பெருந்துயரம் குழந்தைகளின் மரணம். யஷ்வந்துக்குப் பின் பிறந்த கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா ஆகிய நால்வரும் சிறுவயதிலேயே இறந்தனர். கடைசி மகன் ராஜரத்னா 1926 ஜூலையில் மறைந்தபோது அம்பேத்கர் உடைந்துபோனார். மூன்று மகன்களையும் ஒரு மகளையும் மண்ணுக்குக் கொடுத்த பிறகு வாழ்க்கை சுவையற்றுப் போனதென்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். யஷ்வந்தும் நோயால் வருந்திய பிள்ளைதான். ஐந்து குழந்தைகளைப் பெற்று நால்வரை இழந்த ஒரு தாயின் துயரத்தை இன்று படங்களில் பொட்டும் முக்காடுமாக நாம் காணும் ராமாபாயின் அமைதியான முகம் மறைத்துவிடுகிறது. தொழிலாளர் குடியிருப்புகளின் நெரிசலும், சத்தான உணவும் மருத்துவமும் எட்டாத வறுமையும் அக்காலத்தில் எண்ணற்ற ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் குழந்தைகளை விழுங்கின. உலகின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பட்டங்களைப் பெற்றவரின் வீடும் அதற்கு விதிவிலக்காகவில்லை.

ராஜரத்னா இறந்து எட்டு மாதங்களில், 1927 மார்ச் 20 அன்று, மகாத் சவதார் குளத்தின் நீரை மக்களோடு சேர்ந்து அவர் அள்ளிப் பருகினார். ஏப்ரல் 3 அன்று பகிஷ்கிருத் பாரத் இதழ் பிறந்தது. உதவி ஆசிரியர்களை அமர்த்தப் பணமில்லை. பத்தி பத்தியாக இதழ் முழுவதையும் பெரும்பாலும் அவரே எழுதி நிரப்ப வேண்டியிருந்தது. பகலில் நீதிமன்றமும் சட்ட வகுப்பும் மேலவையும், மாலையில் இயக்கப் பணியும், இரவில் இதழின் எழுத்தும் எனப் பொழுது கழிந்தது.

1928 பிப்ரவரியில் அவ்விதழில் அவர் எழுதிய தலையங்கம் ஒன்று இந்திய அறிவுலகில் அரிதான ஓர் ஆவணம். இதழ் படும் கடனைப் பற்றி வாசகர்களிடம் முறையிடும் அத்தலையங்கத்தில், தம்மை லேகக் என்னும் மூன்றாம் நிலையில் நிறுத்திக்கொண்டு, தம் இல்வாழ்வையும் கணக்கில் வைத்தார். தாம் வெளிநாட்டில் இருந்த காலத்தில் இரவு பகலாகக் குடும்பத்தைச் சுமந்தவர் மனைவி என்றும், தாம் திரும்பிய பிறகும் வறுமையின் காரணமாக வறட்டிக் கட்டுகளைத் தலையில் சுமந்து வர அவர் தயங்கவில்லை என்றும் பதிவு செய்தார். அத்தகைய துணைவியோடு ஒரு நாளின் 24 மணி நேரத்தில் அரை மணி நேரத்தைக்கூடத் தம்மால் செலவிட முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இந்த ஒப்புதலை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. அக்காலச் சீர்திருத்தத் தலைவர்கள் பலரும் மனைவியின் உழைப்பை இயல்பான கடமையாகவே கருதினர். அதைக் கடன் என்று, அதுவும் பொதுமக்கள் வாசிக்கும் இதழில் அச்சிட்டவர்கள் மிகச் சிலரே. அதே வேளையில், அந்த ஒப்புதலால் ராமாபாய்க்கு அந்த அரை மணி நேரம் கிடைத்துவிடவுமில்லை. இரண்டையும் ஒருசேரக் காண்பதே நேர்மையான வாசிப்பு. ராமாபாயைத் தியாகச் சுடராக மட்டும் போற்றி மாலையிடும் வழக்கம் நம் விழா மேடைகளில் வேரூன்றியிருக்கிறது. தியாகம் என்னும் சொல், கொடுத்தவர் விரும்பிக் கொடுத்தார் என்று சொல்லிக் கணக்கை மூடிவிடுகிறது. கடன் என்னும் சொல் கணக்கைத் திறந்து வைக்கிறது. அம்பேத்கர் தேர்ந்தது இரண்டாவது சொல்லின் பொருளை.

அந்தக் கணக்கு அவருடைய அரசியலில் எங்கே தொடர்ந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். தலையங்கம் வெளியாகி ஐந்து மாதங்கள் கழித்து, 1928 ஜூலையில், பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு நலச் சட்ட முன்வரைவை ஆதரித்து அவர் பேசினார். மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்குரியது என்றும், அதற்கான செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றும், பெண்களின் உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் அதில் பங்கேற்பது நியாயம் என்றும் வாதிட்டார். 1938 நவம்பரில் குடும்பக் கட்டுப்பாட்டு வசதிகளை அரசு வழங்க வேண்டுமென்னும் தீர்மானம் அவருடைய கட்சியின் சார்பில் பம்பாய்ப் பேரவையில் கொண்டுவரப்பட்டுத் தோற்கடிக்கப்பட்டது. 1942 முதல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத் திருத்தத்தை முன்னெடுத்தார். இந்து சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கொண்டு 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார். சொந்தத் துயரம் ஒன்றே இவற்றுக்குக் காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும், ஒரு தாயின் ஓய்வையும் ஒரு தொழிலாளியின் நேரத்தையும் வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய தனிச் சிக்கலாக அவர் ஒருபோதும் கருதவில்லை. அவை அரசும் முதலாளியும் பொறுப்பேற்க வேண்டிய உரிமைகள் என்பதே அவருடைய நிலைப்பாடு.

1930-களில் தாதரில் எழுந்த ராஜகிருகம் அவர்களுக்கு ஒருவழியாக இடத்தைத் தந்தது. வீட்டைத் திட்டமிட்டபோதே நூலகத்துக்கு முதலிடம் ஒதுக்கப்பட்டது. 1934-இல் அவ்வீட்டில் எடுக்கப்பட்ட புகைப்படத்தில் யஷ்வந்த், அம்பேத்கர், ராமாபாய், லட்சுமிபாய், முகுந்த் ஆகியோர் ஒன்றாக இருக்கின்றனர். காலடியில் வளர்ப்பு நாய் டோபி. ஒரு சாதாரணக் குடும்பத்தின் ஒரு சாதாரணப் பொழுது. அத்தகைய பொழுதுகள் அக்குடும்பத்துக்கு அதிகம் வாய்க்கவில்லை. நெடுநாள் நோயுற்றிருந்த ராமாபாய் 1935 மே 27 அன்று காலமானார். பண்டரிபுரம் செல்ல வேண்டுமென்பது அவருடைய நெடுநாள் விருப்பம். கோயிலுக்கு வெளியே நின்று வணங்க வேண்டிய இழிவை ஏற்க மறுத்த கணவர், அந்த விருப்பத்தை நிறைவேற்றவில்லை. மனைவியை இழந்த அம்பேத்கர் அறைக்குள் அடைந்து கிடந்து அழுதார்.

ஆனால் அடுத்த சில நாட்களில், ஜூன் மாதத்தில், பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை அவர் ஏற்க வேண்டியிருந்தது. 1928-இல் பகுதி நேரப் பேராசிரியராகப் பணியாற்றிய அதே கல்லூரி அது. அக்டோபர் 13 அன்று, தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்னும் முடிவை இயோலா மாநாட்டில் அறிவித்தார். 1936 மே மாதம், முதல்வராக இருந்துகொண்டே சாதி ஒழிப்பு உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு வெளியிட்டார். நவீன இந்தியாவின் மிகக் கூர்மையான நூல்களுள் ஒன்று, மனைவியை இழந்து ஓராண்டு முடிவதற்குள், நிர்வாகப் பொறுப்புக்கும் இயக்கப் பணிக்கும் இடையில் எழுதப்பட்டது. துக்கம் காக்கவும் அவருக்கு நேரம் தரப்படவில்லை.

பாகிஸ்தான் பற்றிய நூல் 1940 இறுதியில் வெளிவந்தது. அதை ராமுவின் நினைவுக்கு அவர் காணிக்கையாக்கினார். நட்பும் துணையுமற்ற வறுமைக் காலத்தில் தம்மோடு துன்பத்தைப் பகிர்ந்துகொண்ட அவருடைய மன உறுதியை அந்த முகப்புப் பக்கம் நினைவுகூர்கிறது. தாய் தந்தைக்கு ஒரு நூல், துணைவிக்கு ஒரு நூல் எனக் காணிக்கைப் பக்கங்களிலேயே அவருடைய குடும்பக் கணக்கு பதிவாகியிருக்கிறது.

மகன் யஷ்வந்தின் வாழ்வும் இக்கணக்கில் சேர வேண்டியது. தந்தையின் பட்டங்களில் ஒன்றும் மகனுக்கு வாய்க்கவில்லை. அவர் அச்சகத்தை நடத்தினார். தந்தையின் இதழ்ப் பணியில் துணைநின்றார். தந்தை மறைந்த பிறகு இந்திய பௌத்த மகாசபையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தாதரில் இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் சைத்திய பூமி நினைவிடம் எழுந்ததில் அவருடைய உழைப்பு முதன்மையானது. தமக்குக் கிடைக்காத தந்தையின் நேரத்தைக் கோடிக்கணக்கான மக்கள் பெற்றார்கள் என்பதை அறிந்த மகன், அம்மக்களுக்கே தந்தையின் நினைவிடத்தைக் கட்டிக் கொடுத்தார்.

தம் வீட்டில் தர முடியாததைப் பிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தர அம்பேத்கர் முயன்றார் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 1925-இல் சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்காக விடுதி திறக்கப்பட்டது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. வேலைக்குச் சென்றுகொண்டே படிப்போரின் வசதிக்காக அங்கே காலை நேர வகுப்புகள் நடத்தப்பட்டன. ஒற்றை அறையில் இரவு 2 மணிக்கு விழித்துப் படித்த சிறுவன், நேரமில்லாதவர்களுக்கு ஏற்ற நேரத்தில் இயங்கும் கல்லூரியை உருவாக்கினார். ராம்ஜி தம் மகன் ஒருவனுக்குச் செய்ததை, ஒரு நிறுவனம் ஆயிரம் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

1956 டிசம்பர் 5 இரவிலும் தில்லி இல்லத்தில் புத்தரும் அவர் தம்மமும் நூலின் முன்னுரையை அவர் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் எழவில்லை. எழுத்து அவருடைய கடைசி மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டது.

இன்று ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரி ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் வந்துகொண்டிருக்கின்றனர். உதவித்தொகை உரிய காலத்தில் வராத மாதங்களிலும், நிரந்தரமற்ற விரிவுரையாளர் பணியிலும், குழந்தை வளர்ப்பின் இடையிலும் அவர்கள் எழுதுகின்றனர். அவர்களிடம் அம்பேத்கரைக் காட்டி, அவர் எல்லாத் துன்பத்தையும் தாங்கிச் சாதித்தார், நீங்களும் தாங்குங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. அது அவருடைய வாழ்வைத் தலைகீழாகப் படிப்பதாகும். தாம் தாங்கியதைப் பிறரும் தாங்க வேண்டுமென்று அவர் விரும்பவில்லை. தாம் பட்ட கடனைப் பிறர் படாதிருக்கவே சட்டம் கேட்டார், விடுதி கேட்டார், வேலை நேரக் குறைப்பைக் கேட்டார்.

ஆகவே அவருடைய பிறந்தநாளிலும் நினைவுநாளிலும் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. உதவித்தொகை உரிய மாதத்தில் வழங்கப்படுகிறதா? தற்காலிகப் பணியில் உள்ள பெண் ஆசிரியருக்கு ஊதியத்துடன் மகப்பேறு விடுப்பு உறுதியாகிறதா? ஆய்வாளரின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கல்வி வளாகத்தில் காப்பகம் இருக்கிறதா? இயக்கத்தில் உள்ள ஆண்கள் தம் வீட்டு வேலையின் பாதியைச் சுமக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு அரசாணை தேவையில்லை. 1928-இல் பகிஷ்கிருத் பாரத்தின் ஆசிரியர் எழுதி வைத்த அந்த அரை மணி நேரத்தை அவரவர் வீட்டில் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினாலே போதும்.